வாட்டர் இன்ஜெக்‌ஷன் (இன்ஜினுக்குள்ள போற காத்துல தண்ணி தெளிக்கிற செட்டப்) போட்டு ஓட்டினவங்க அனுபவம் சொல்லுங்க

ரெட்லைன்_ராசா:
டர்போ பெட்ரோல், ரீமேப் பண்ணி (இன்ஜின் கம்ப்யூட்டர் செட்டிங்கை மாத்தி) பூஸ்ட், அதாவது டர்போ தள்ளுற காத்தோட அழுத்தம், ஏத்தினது, பாதி தண்ணி பாதி மெத்தனால், எல்லாருக்கும் தெரிஞ்ச செட்டப்தான். மேட்டுல ஃபுல் த்ராட்டில்ல ஏறிட்டிருக்கேன், டேஷ்ல பச்சை லைட் எரியுது, பம்ப் ஓடுற சத்தமும் கேக்குது, திடீர்னு டப்பாக்குள்ள கூழாங்கல்லைப் போட்டு குலுக்குற மாதிரி கடகடன்னு நாக்கிங், அதாவது பெட்ரோல் உள்ள தாறுமாறா வெடிக்குற சத்தம். காலை எடுக்குறதுக்குள்ள பின்னாடி ஒரே நீலப் புகை. பிரிச்சா மூணாவது பிஸ்டன்ல ரிங் லேண்ட் (ரிங்குகளுக்கு நடுவுல இருக்குற மேடு) பேத்துட்டுப் போயிருக்கு, தண்ணி தெளிக்கிற நாசில் ஓட்டையில வெள்ளையா உப்பு அடைச்சு நிக்குது. கிட் மாட்டினவன் எந்தத் தண்ணியும் ஊத்தலாம்னுதான் சொன்னான். பம்புக்கு கரண்ட் போனா லைட் எரியும், தண்ணி போகுதான்னு அதுக்கு என்ன தெரியும்? அந்தப் பச்சை லைட்டை நெனச்சா இன்னும் எரிச்சலா வருது.

பழைய_ஸ்பேனர்:
நம்ம கிட்ட வந்த வண்டி ஒண்ணு. டேங்க் நாசிலைவிட உயரத்துல, நாசில் த்ராட்டிலுக்கு அப்புறம், நடுவுல தண்ணியை அடைக்குற சாலினாய்டு வால்வு கிடையாது. புரிஞ்சிருக்கும். ஐடில்ல மேனிஃபோல்டு (இன்ஜினுக்குக் காத்து போற குழாய்) வேக்குவம் தண்ணியை இழுக்கும், ஆஃப் பண்ணின பிறகும் தண்ணி தானா இறங்கிட்டே இருக்கும். காலையில செல்ஃப் அடிச்சா டொக்குனு நின்னுருக்கு, பேட்டரி வீக்குன்னு நெனச்சு தள்ளி ஸ்டார்ட் பண்ணிருக்காங்க. ப்ளக்கைக் கழட்டி ஒரு தடவை சுத்தினேன், தண்ணி பீய்ச்சி அடிச்சு பானட்டு அடிப்பக்கம் பட்டு என் மூஞ்சியில தெறிச்சது. தண்ணி அமுங்காதுல்ல, கனெக்டிங் ராடுதான் வளைஞ்சிருந்துச்சு.

பூஸ்ட்பித்தன்:
ராசா, தண்ணி மேல பழி போடாதீங்க. நானும் போட்டிருக்கேன், ஒரு பிரச்சனையும் இல்ல. பம்ப் நின்னா என்ன ஆகும்னு யோசிக்காம டைமிங்கை அட்வான்ஸ் பண்றதுதான் (ப்ளக் பொறியை இன்னும் முன்னாடியே விட வைக்கிறது) வினை. 1962ல வந்த ஓல்ட்ஸ்மொபைல் ஜெட்ஃபயர்லயே தண்ணி-மெத்தனால் கலவை காலியானா பூஸ்டைக் குறைக்க தனி வால்வு வச்சிருந்தான், அத்தனை வருஷம் முன்னாடி! 5 லிட்டர் டேங்கோட வந்த பிஎம்டபிள்யூ எம்4 ஜிடிஎஸ்லயும் தண்ணி தீந்தா ஈசியூவே (இன்ஜின் கம்ப்யூட்டர்) பவரைக் குறைச்சிரும். அதனால டிஸ்டில்டு வாட்டர் மட்டும் ஊத்துங்க, சோப்பு கலந்த வைப்பர் தண்ணி வேணவே வேணாம், ஃபில்டர் போடுங்க, உள்ள போற காத்தை அளக்குற மாஸ் ஏர்ஃப்ளோ சென்சாருக்கு முன்னாடி நாசில் வைக்காதீங்க, ஃப்ளோ சென்சார் மாட்டி ஃப்ளோ குறைஞ்சா பூஸ்ட் கட் ஆகுற மாதிரி வயர் பண்ணுங்க. அப்புறம் தண்ணியே பவர் குடுக்குதுன்னு சுத்துறாங்களே, அது தப்பு. ஒரு கிலோ தண்ணி ஆவியாக சுமார் 2260 கிலோஜூல் வெப்பம் வேணும், அதை உள்ள இருக்குற சூட்டுலருந்து எடுத்துக்குது, அதனால நாக் தள்ளிப் போகுது, அவ்ளோதான்.

சைலன்ட்_பிஸ்டன்:
பித்தன், பாடம் போதும். மெத்தனாலைப் பத்தி யாரும் வாயே திறக்கலியே. ஃப்ரெண்டு வண்டியில கலக்காத மெத்தனால், ஹோஸ் பிடுங்கிட்டு சூடான டர்போ மேல பட்டுருச்சு. நல்ல வெயில். தீ கண்ணுக்கே தெரியல. ஃபெண்டர் பெயிண்ட் கொப்புளம் கொப்புளமா எழும்புது, என்னடா இதுன்னு தொடப் போனான், கையைப் பிடிச்சு இழுத்தேன். அது உடம்புக்குள்ள போனா கண்ணு போயிரும், அதோட ஆவியை இழுத்தாலும் உடம்புக்கு ஆகாது, வெறுங்கையில கலக்குறவங்களைப் பாத்தா எனக்கு பத்திக்கிட்டு வருது.

ரெட்லைன்_ராசா:
பித்தன், நான் கேட்டது அனுபவம். சரி அதை விடுங்க, ஃப்ளோ சென்சாரை எங்க மாட்டினீங்க? சென்சாரைத் தாண்டி ஹோஸ் பிடுங்கிட்டா தண்ணி வெளிய ஊத்தும்போதும் அது ஃப்ளோ இருக்குன்னுதானே காட்டும்?