தள்ளிப்போகும் என்று மூன்றாவது வாரமே எழுதிக் கொடுத்தேன்: பிரின்ஸ்2 அனுபவங்கள்

ப்ராஜெக்ட்டுகளை நடத்துவதற்கான முறையான பிரின்ஸ்2-இல் சான்றிதழ் வாங்கி ரொம்ப நாள் வரைக்கும் அது எனக்கு டெம்ப்ளேட் நிரப்பும் வேலையாகத்தான் இருந்தது. பிசினஸ் கேஸ், ரிஸ்க் ரிஜிஸ்டர், ஹைலைட் ரிப்போர்ட் என்று ஃபோல்டர் நிறைய ஆவணங்கள். அந்த முறையின் உயிர் எங்கே இருக்கிறது என்று புரிந்தது ஒரு சம்பளக் கணக்கு மென்பொருளை மாற்றும் ப்ராஜெக்ட்டில்தான். அதை எழுதுகிறேன், உங்களுக்கும் இப்படி நடந்திருந்தால் சொல்லுங்கள்.

நான்கு ஸ்டேஜாகப் பிரித்திருந்தோம். இரண்டாவது ஸ்டேஜ் டேட்டா மைக்ரேஷன் (பழைய சிஸ்டத்தின் டேட்டாவைப் புதியதில் ஏற்றுவது), பத்து வாரம், டாலரன்ஸ் ஒரு வாரம். அதாவது ஒரு வாரம் வரை இழுத்தால் நானே பார்த்துக்கொள்ளலாம், அதைத் தாண்டும் என்று கணக்கில் தெரிந்த அன்றே முடிவெடுக்கும் அதிகாரம் உள்ள ப்ராஜெக்ட் போர்டிடம் போக வேண்டும். தாண்டிய பிறகு போய் நிற்பதற்கு ஒரு முறையும் தேவையில்லை, அதை யார் வேண்டுமானாலும் செய்வார்கள்.

மூன்றாவது வாரம் முதல் சோதனை ஓட்டம். பழைய டேட்டாபேஸில் நிறையப் பேருக்குப் பிறந்த தேதி 01-01-1900. தேதி கிடைக்காதபோது யாரோ போட்டுவைத்தது, அப்படியே நின்றுவிட்டது. விட்டுப்போய்த் திரும்ப வந்து சேர்ந்தவர்களுக்கு இரண்டிரண்டு ஊழியர் எண். இதெல்லாம்கூடப் பரவாயில்லை, ஸ்கிரிப்ட் எழுதிச் சரிசெய்துவிடலாம். 'குறிப்பு' என்று ஒரு கட்டம் இருந்தது பாருங்கள், அதுதான் எங்களைக் கட்டிப்போட்டது. "மார்ச் முதல் பிடித்தம் நிறுத்தவும்" என்று இருக்கும், எந்த வருஷத்து மார்ச் என்று இருக்காது. "முன்பு சொன்னபடி" என்று மட்டும் ஒன்று. அதற்கெல்லாம் அர்த்தம் தெரிந்த ஒரே ஆள் அங்கே பல வருஷமாகச் சம்பளக் கணக்கு பார்க்கும் மேடம். அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். திரையில் விரலை வைத்து ஒவ்வொரு வரியாக, இவருக்கு இது கடன் தவணை, அவருக்கு அது இடமாற்றத்துக்கு முந்தைய படி என்று சொல்லிக்கொண்டே வந்தார். அரை நாளில் 40 வரி முடிந்தது. குறிப்பு உள்ள வரிகள் மொத்தம் 1,900. ஒரு நாளைக்கு 80 என்றால் 24 வேலை நாள், கிட்டத்தட்ட ஐந்து வாரம். நான் திட்டத்தில் போட்டிருந்தது இரண்டு வாரம்.

சப்ளையர் பக்கத்து மேனேஜர், "இந்த வாரம் ரிப்போர்ட்டில் பச்சையாகவே, எல்லாம் சரி என்றே காட்டிவிடுவோம், போகப் போகச் சரிக்கட்டிவிடலாம்" என்றார். கெட்டவர் இல்லை, எல்லோரும் செய்வதைத்தான் சொன்னார். எனக்கும் வயிற்றைக் கலக்கியது, டாலரன்ஸைத் தாண்டும் என்று போர்டுக்குச் சொல்லும் எக்ஸப்ஷன் ரிப்போர்ட்டை இதற்கு முன் நான் எழுதியதே இல்லை. ஆனாலும் அன்று சாயங்காலமே உட்கார்ந்து ஒன்றரைப் பக்கத்தில் எழுதி அனுப்பிவிட்டேன்: காரணம், விட்டால் என்ன ஆகும், என்னென்ன வழி, என் சிபாரிசு எது. மூன்று வழி கொடுத்தேன். மூன்று வாரம் கூடுதலாக எடுப்பது, அழுக்கோடு அப்படியே ஏற்றுவது, அல்லது இப்போது வேலையில் இருப்பவர்களுடைய 750 வரியை மட்டும் சரிசெய்து ஏற்றிவிட்டு, விட்டுப்போனவர்களின் பதிவுகளைப் பழைய சிஸ்டத்திலேயே பார்க்க மட்டும் முடிகிற மாதிரி வைத்திருப்பது.

திட்டுவார்கள் என்றுதான் போனேன். போர்டில் பயனர்கள் சார்பில் இருந்தவர் ஒரே கேள்வி கேட்டார்: "தணிக்கைக்குப் பழைய பதிவு கேட்டால் எடுக்க முடியுமா?" முடியும் என்றேன். மூன்றாவது வழிக்கு ஒப்புதல் இருபது நிமிடத்தில் வந்தது. இந்த முடிவை எடுக்கிற அதிகாரமே எனக்குக் கிடையாது, சொல்லாமல் வைத்திருந்தால் எடுக்க வேண்டியவர்களுக்கும் வாய்ப்பு இருந்திருக்காது.

*

மேலே எழுதியவருக்கு நன்றி. என் அனுபவம் வேறு பக்கத்திலிருந்து, நான் டெஸ்டிங். யுஏடியில், அதாவது பயனர்கள் சோதித்துப் பார்த்து ஏற்கும் கட்டத்தில், நடக்கும் சண்டையில் பாதி, "என்ன கொடுத்தால் முடிந்ததாக அர்த்தம்" என்று யாரும் முதலில் எழுதிவைக்காததால் வருவது என்பது என் அனுபவம். ஒரு ப்ராஜெக்ட்டில் தேவைப் பட்டியலில் "தேடல் வேகமாக இருக்க வேண்டும்" என்று ஒரே வரி. டெவலப்பர் மெஷினில் பறந்தது. மாதக் கடைசியில் எல்லோரும் உள்ளே வந்ததும் சுற்றிக்கொண்டே இருந்தது. சைன் ஆஃப் (ஒப்புதல்) தர மாட்டோம் என்று பயனர்கள், நீங்கள் கேட்டதைத்தான் கொடுத்தோம் என்று நாங்கள், ஆறு வாரம் மின்னஞ்சலிலேயே போனது. அடுத்த ப்ராஜெக்ட்டில் பிரின்ஸ்2 சொல்கிற ப்ராடக்ட் டிஸ்கிரிப்ஷனை உண்மையாகவே எழுதினோம்: 200 பேர் ஒரே நேரத்தில் உள்ளே இருக்கும்போது 3 நொடிக்குள் முடிவு வர வேண்டும், இன்ன டேட்டாவை வைத்துச் சோதிக்க வேண்டும், சோதிப்பவர் யார், ஒப்புக்கொள்பவர் யார். எழுத ஒரு மதியம் ஆனது. அந்த யுஏடியில் சண்டையே இல்லை.

*

நான் ஸ்க்ரம் (சின்னச் சின்னச் சுற்றுகளாக வேலை செய்யும் முறை) ஆள், இருந்தாலும் சொல்கிறேன். பிரின்ஸ்2 கட்டடம் கட்டுகிறவர்களுக்கானது, ஐடிக்கு ஒத்துவராது என்று எங்கள் டீமில் அடிக்கடி கேட்டிருக்கிறேன். அது தவறு. பிரிட்டன் அரசின் கணினி, தொலைத்தொடர்பு அமைப்பான சிசிடிஏ 1989-இல் பிரின்ஸைக் கொண்டுவந்ததே அரசாங்க ஐடி ப்ராஜெக்ட்டுகளுக்காகத்தான், எல்லா வகை வேலைக்கும் பொதுவாக்கிப் பிரின்ஸ்2 வந்தது 1996-இல். ஒரு கட்டம் முடித்துத்தான் அடுத்தது என்று நேராகப் போகும் வாட்டர்ஃபால் முறையின் கதையும் இப்படித்தான். 1970-இல் வின்ஸ்டன் ராய்ஸ் கட்டுரையில் அந்தப் படத்தைப் போட்டுவிட்டு, இப்படி நேராகப் போனால் ஆபத்து, கடைசிச் சோதனையில் சிக்கல் வந்தால் திரும்ப வடிவமைப்புக்கே போக வேண்டியிருக்கும் என்றுதான் எழுதியிருந்தார். படம் மட்டும் பரவிவிட்டது.

நாங்கள் ஒரு ஸ்டேஜுக்குள் இரண்டு வார ஸ்பிரிண்ட்டுகளாக ஓட்டினோம். தேதியையும் பட்ஜெட்டையும் தொட மாட்டோம், ஸ்கோப்புக்கு (எந்தெந்த அம்சம் என்பதற்கு) மட்டும் டாலரன்ஸ். எந்த அம்சம் கழன்றாலும் பரவாயில்லை என்பதைப் பயனர்களே முதல் நாளில் வரிசைப்படுத்திக் கொடுத்துவிட்டார்கள். போர்டு ஸ்டேஜ் முடிவில் மட்டும் உட்கார்ந்தது, தினமும் டீம் தலையில் வந்து நிற்கவில்லை. எனக்கு அந்த நிம்மதி பெரிதாக இருந்தது. ஒன்று கேட்க வேண்டும்: அந்த சப்ளையர் மேனேஜர் அப்புறம் உங்களோடு எப்படி இருந்தார்?

*

முதலில் எழுதியவன்தான். ஒரு வாரம் சரியாகப் பேசவில்லை. ஸ்டேஜ் பத்தரை வாரத்தில் முடிந்தது, டாலரன்ஸுக்குள். மூன்றாவது ஸ்டேஜில் இன்டர்ஃபேஸ் ஒன்று இழுத்தபோது அவரே கூப்பிட்டு, "இதையும் எழுதிக் கொடுத்துவிடலாமா?" என்று கேட்டார். சேர்ந்துதான் எழுதினோம்.

கற்ற பாடங்களைக் குறித்துவைக்கும் லெஸன்ஸ் லாகில் நான் போட்டது ஒரே வரி: மைக்ரேஷனுக்கு நாள் குறிக்கும் முன் குறிப்புக் கட்டத்தை எண்ணு. இப்போதெல்லாம் ஸ்டேஜ் பிளான் போடுவதற்கு முன் அந்த வேலையைத் தினமும் பார்க்கிறவர் பக்கத்தில் அரை நாள் உட்கார்ந்து, எத்தனை வரி நகர்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் வாரக் கணக்கை எழுதுகிறேன்.