12 சொல்லை எழுதிப் போட்டால் சமூக அறிவியல் ஆங்கிலத்தில் வந்துவிடுமா?

நிலவரைவி:
சாக்பீஸ் நேற்று இன்னொரு இழையில் எழுதியது: "சமூக அறிவியலை ஆங்கிலத்தில் நடத்தப்போகும் பயிற்சி ஆசிரியருக்குப் பெரிய வித்தை எதுவும் வேண்டாம். ஆங்கிலம் சரளமாக வந்தால் போதும். வகுப்பு தொடங்கியதும் 12 கலைச்சொற்களைப் பலகையில் எழுதி, 10 நிமிடத்தில் பொருள் சொல்லிவிட்டால் மீதி தானாக நடக்கும்."

தானாக எதுவும் நடக்காது. 12 சொல்லுக்கு 10 நிமிடம் என்றால் ஒரு சொல்லுக்கு 50 வினாடி. அதற்குள் உச்சரித்து, பொருள் சொல்லி, எடுத்துக்காட்டு காட்டி, பிள்ளைகள் வாயில் வரவழைக்க முடியுமா? பட்டியலாக வந்தது பட்டியலாகவே மறந்துபோகும்.

அதைவிடப் பெரிய கோளாறு ஒன்று இருக்கிறது. 'மோனார்க்கி' (முடியாட்சி) தெரியாத பிள்ளைக்கு அது தெரியாத சொல் என்றாவது தெரியும், கேட்கும். 'ஆல்தோ' (இருந்தாலும்), 'வேர்ஆஸ்' (ஆனால் இதுவோ), 'லெட் டு' (வழிவகுத்தது), 'டெஸ்பைட்' (மீறியும்) போன்ற இணைப்புச் சொற்கள் எல்லாம் தெரிந்த மாதிரியே இருக்கும். காரணமும் விளைவும் தலைகீழாகப் பதிந்துபோகும். ஆசிரியர் பயிற்சி மாணவர்களின் பாடக்குறிப்பில் இந்தச் சொற்களுக்கு இடமே இருக்காது.

சாக்பீஸ்:
செங்கல் இல்லாமல் சாந்து மட்டும் குழைத்தால் சுவர் எழும்பாது ஐயா. பெயர்ச்சொல் தெரியாதவனிடம் 'ஆல்தோ' சொல்லி என்ன செய்வது? பிரெஞ்சுப் புரட்சிப் பாடத்தையே எடுத்துக்கொள்வோம்: மோனார்க்கி, எஸ்டேட், கிளர்ஜி (மதகுருமார்), நோபிலிட்டி (பிரபுக்கள்), டைத் (தேவாலயத்துக்குக் கட்டும் வரி), டாக்ஸ், பிரிவிலேஜ், அசெம்பிளி, கான்ஸ்டிட்யூஷன், சிட்டிசன், ரிபப்ளிக், ரெவல்யூஷன். சரியாக 12. இதில் எதை வெட்டுவீர்கள், சொல்லுங்கள்.

நிலவரைவி:
கேட்டதால் சொல்கிறேன். முதல் வகுப்பு புரட்சிக்கான காரணங்கள். தேசிய சபை 1789 ஜூனில் வருகிறது, அரசியல் சாசனம் 1791-இல், குடியரசு 1792-இல். ஆக அசெம்பிளி, கான்ஸ்டிட்யூஷன், ரிபப்ளிக் மூன்றும் அந்தந்த வகுப்புக்குப் போகட்டும். சிட்டிசனும் அவற்றோடு போகலாம். டாக்ஸ் ஏற்கெனவே தெரிந்த சொல். கிளர்ஜி, நோபிலிட்டி இரண்டையும் சமூக அடுக்குப் படத்தில் எழுதிக் காட்டினாலே புரிந்துவிடும், தனியாக நேரம் வேண்டாம்.

நின்று கற்பிக்க வேண்டியவை எஸ்டேட், பிரிவிலேஜ், டைத், மோனார்க்கி. எஸ்டேட் என்றதும் பிள்ளை மனதில் வருவது தோட்டம் துரவு. 'தேர்ட் எஸ்டேட்' என்றால் மூன்றாவது தோட்டம்! 50 வினாடியில் அந்தத் தோட்டத்தை அழித்துவிட்டுச் சமூகப் பிரிவை நட முடியாது. ரெவல்யூஷனும் அப்படித்தான். புவியியல் பாடத்தில் பூமி சூரியனைச் சுற்றுவதற்கும் அதே சொல். தெரிந்த சொல்லின் தெரியாத பொருள்தான் ஆபத்து. பலகையில் பொருளை எழுதிவிட்டு நகர்கிற ஆசிரியர் கண்ணில் இது படவே படாது.

சாக்பீஸ்:
ஐந்தாகக் குறைத்துவிட்டீர்கள், சந்தோஷம். மீதி ஏழும் பாடநூலில் இருக்கின்றனவே, அவற்றைப் படிக்கும்போது பிள்ளை திணறாதா? 12 சொல்லும் முன்னாலேயே வேண்டும். அதைத்தான் சொன்னேன், அதையேதான் சொல்வேன்.

காலக்கோடு:
12, 12 என்று ரெண்டு பேரும் ஏலம் விடுகிறீர்கள். தாய்மொழி எங்கே போனது? கேள்வியை ஆங்கிலத்தில் கேட்டு, பக்கத்தில் இருப்பவரோடு 2 நிமிடம் தாய்மொழியில் பேசவிட்டு, பதிலை ஆங்கிலத்தில் சொல்ல வைக்கலாம். ஒரு மொழியில் வாங்கி இன்னொரு மொழியில் வெளியிடும் இந்த முறையை வேல்ஸ் நாட்டில் சென் வில்லியம்ஸ் என்ற கல்வியாளர் 1990-களிலேயே விளக்கியிருக்கிறார். பயிற்சிக் காலத்தில் இதற்கு ஒரு மணி நேரமாவது ஒதுக்க வேண்டாமா?

சாக்பீஸ்:
அப்புறம் ஆங்கில வழி வகுப்பு என்று ஏன் பெயர் வைக்க வேண்டும்? பேசாமல் தமிழிலேயே நடத்திவிடுங்கள் மேடம்.

காலக்கோடு:
நான் எழுதியதை முழுசாகப் படியுங்கள். ஆசிரியர் ஒவ்வொரு வாக்கியத்தையும் இரண்டு மொழியில் சொல்வது வேறு. அது கெடுதல் என்று நானே சொல்வேன். இரண்டாவது முறை தமிழில் வரும் என்று தெரிந்துவிட்டால் பிள்ளை ஆங்கிலத்தைக் கேட்பதையே விட்டுவிடும். நான் சொல்வது பிள்ளைகள் யோசிப்பதற்கான இடம்.

நிலவரைவி:
சொற்பட்டியலுக்கே வருகிறேன். அந்த 10 நிமிடத்தில் என்ன செய்யலாம் என்று பாருங்கள். பாடநூல் வாக்கியம் ஒன்று: 'தி ரைஸ் இன் தி ப்ரைஸ் ஆஃப் பிரெட் லெட் டு ரயட்ஸ்' (ரொட்டி விலையேற்றம் கலவரங்களுக்கு வழிவகுத்தது). இதில் கடினமான கலைச்சொல் எத்தனை? ஒன்றே ஒன்று, அதுவும் 12-இல் இல்லை! ஆனாலும் பிள்ளை தடுமாறும். 'ஏறியது' என்கிற வினை 'ஏற்றம்' என்று பெயராக மாறி, யார் என்ன செய்தார்கள் என்பது வாக்கியத்தை விட்டே காணாமல் போயிருக்கிறது.

முதலில் பிரிக்க வேண்டும்: 'பிரெட் பிகேம் காஸ்ட்லி. பீப்பிள் ரயட்டட்.' அடுத்து எது முதலில் நடந்தது என்று கேட்டு அம்புக்குறி போட வேண்டும். பதிலுக்குக் குறைந்தது 3 வினாடி காத்திருக்க வேண்டும். ஆசிரியர்கள் சராசரியாக ஒரு வினாடிதான் காத்திருக்கிறார்கள் என்று மேரி பட் ரோ என்ற அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் 1970-களிலேயே அளந்து காட்டினார். கடைசியில் பிரித்ததைப் பிள்ளைகளே மறுபடி ஒரே வாக்கியமாகக் கட்ட வேண்டும். '..... லெட் டு .....' என்று சட்டகம் கொடுக்கலாம். முதல் வாரம் முழுச் சட்டகம், அடுத்த வாரம் முதல் சொல் மட்டும், பிறகு ஒன்றும் கிடையாது. சட்டகத்தை எடுக்க மறந்தால் பிள்ளை கோடிட்ட இடம் நிரப்புவதோடு நின்றுவிடும்.

பயிற்சி மாணவர் 5 நிமிட நுண்ணிலைக் கற்பித்தலில் (சிறு குழுவுக்குச் சிறு பாடம் நடத்திப் பார்க்கும் பயிற்சியில்) இந்த ஒரு வாக்கியத்தை மட்டும் நடத்திப் பழகட்டும். குறை கேட்டுத் திருத்தி, வேறொரு குழுவுக்கு மறுபடி நடத்தட்டும். 12 சொல் ஒப்பிப்பதைவிட இது ஆயிரம் மடங்கு மேல்.

கடைசிபெஞ்ச்:
முதலில் உச்சரிப்பைச் சரி பண்ணுங்கப்பா. பிரெஞ்சு அரசரின் அரண்மனை இருந்த ஊரை எத்தனை பேர் 'வெர்சைல்ஸ்' என்கிறார்கள்! அது 'வெர்சாய்'. ஆசிரியரே தப்பாகச் சொன்னால் பிள்ளை என்ன பண்ணும்?

சாக்பீஸ்:
உச்சரிப்பு விஷயத்தில் உடன்படுகிறேன். என் 12 சொல் முறையில் உச்சரிப்பு, பொருள் ரெண்டும் சேர்ந்தே வரும். வரைபடப் பாடத்துக்கு என் பட்டியலில் இருந்து மாதிரிக்கு மூன்று: 'ரிலீஃப்' நிலத்தின் மேடுபள்ளம். 'மவுத்' ஆறு கடலில் சேருமிடம். 'லார்ஜ் ஸ்கேல் மேப்' பெரிய பரப்பைக் காட்டும் வரைபடம். சுருக்கமாக, தெளிவாக.

நிலவரைவி:
மூன்றாவது தப்பு! நேர் எதிர். 1:10,000 என்பது பெரிய அளவுத்திட்டம். அதில் 1 செ.மீ. 100 மீட்டர், ஒரு சிற்றூரைத் தெருத்தெருவாகக் காட்டும். 1:10,00,000 என்பது சிறிய அளவுத்திட்டம். அதில் 1 செ.மீ. 10 கி.மீ.; ஒரு மாநிலமே ஒரு தாளில் அடங்கும். அன்றாட ஆங்கிலத்தில் 'லார்ஜ் ஸ்கேல்' என்றால் விரிந்த பரப்பு, வரைபடத்தில் அதற்கு எதிர்ப்பொருள். பேச்சு ஆங்கிலம் வேறு, பாட ஆங்கிலம் வேறு என்று ஜிம் கம்மின்ஸ் என்ற மொழிக்கல்வி ஆய்வாளர் 1979-இல் பிரித்துக் காட்டியது இதைத்தான். சரளமாக ஆங்கிலம் பேசுகிறவர்தான் இந்தக் குழியில் முதலில் விழுவார். ஒரே ஊரின் இரண்டு வரைபடத்தைப் பக்கத்துப் பக்கத்தில் வைத்துக் காட்டாமல் இதைப் பட்டியலால் கற்பிக்கவே முடியாது.

சாக்பீஸ்:
அவசரத்தில் தட்டச்சியது. போன மாதம் நீங்கள் அட்சரேகையையும் தீர்க்கரேகையையும் மாற்றி எழுதினீர்களே, நான் இப்படி ஊரைக் கூட்டினேனா? ஒரு சொல் தப்பானால் 12-உம் தப்பாகிவிடுமா?

நிலவரைவி:
நான் அரை மணியில் திருத்தினேன். உங்கள் பட்டியல் பலகையில் ஏறிப் பிள்ளைகள் நோட்டில் இறங்கியிருந்தால் யார் திருத்துவது?

காலக்கோடு:
நான் கேட்ட ஒரு மணி நேரத்துக்கு இன்னும் பதில் வரவில்லை.

சாக்பீஸ்:
12 சொல். பாடத்துக்கு முன்னால். 10 நிமிடம். மாற்றப்போவதில்லை.

நிலவரைவி:
மூன்றாம் நாள் அதே வகுப்பில், அந்த 12-இல் எதையாவது வைத்து 'ஆல்தோ' போட்டு ஒரு வாக்கியம் எழுதச் சொல்லுங்கள். எத்தனை பேர் எழுதினார்கள் என்று இங்கேயே வந்து போடுங்கள்.

கடைசிபெஞ்ச்:
'ஆல்தோ'வா 'ஓல்தோ'வா?