கிரிண்டல்வால்டில் சனி, ஞாயிறு: பிள்ளைகளோட முதல் ஸ்கீ

சூரிச்வாசி
ஜனவரியில ஒரு சனி, ஞாயிறு சுவிஸ் மலையூர் கிரிண்டல்வால்டுக்குப் போக யோசிக்கிறம். பிள்ளைகளுக்கு 6, 9 வயசு. நாலு பேருமே ஸ்கீ போட்டதில்லை, ரயிலிலதான் வருவம். ரெண்டு நாள் லிப்ட் பாஸ் எடுக்கிறதா? எங்க தங்கினால் வசதி? ஸ்கீ, சப்பாத்துச் சாமான் சூரிச்சிலயே வாடகைக்கு எடுக்கிறதா?

மலைக்குருவி
முதல் நாளுக்குப் பெரிய பாஸ் வேண்டாம். அது 2320 மீட்டரில இருக்கிற ஐகர்கிளெட்ஷர் வரைக்கும் செல்லும்; புதுசா வாறவைக்கு அங்க நிண்டு படம் எடுக்கத்தான் உதவும். ஊருக்கு மேல, ஃபர்ஸ்ட் மலைப் பக்கத்தில போட்மி இருக்கு. சாய்வு குறைஞ்ச இடம், நகரும் கம்பளம் பிள்ளைகளை மேல கொண்டு போகும். அங்க மட்டும் செல்லுற டிக்கெட் போதும். ஞாயிறு பிள்ளைகள் தாங்களா நிப்பாட்டித் திரும்பினால் மேல போறதைப் பற்றி யோசியுங்கோ.

தங்குமிடம் பாக்கேக்க ஒண்டு கவனியுங்கோ: ரயில் ஊருக்கு ஒரு தரிப்புக்கு முதல் கிரிண்டல்வால்ட் டெர்மினல் எண்ட ஸ்டேஷனில நிக்கும். மேல போற மென்லிஹென் கேபிளும் ஐகர் எக்ஸ்பிரஸ் கேபிளும் அங்க இருந்துதான். உங்களுக்குத் தேவை போட்மி, ஆகவே ஊருக்குள்ள தங்குங்கோ. இன்டர்லாக்கன் ஓஸ்டில ஏறேக்க ரயில் பெட்டியில எழுதியிருக்கிற ஊர்ப்பேரைப் பாருங்கோ. ஸ்வைலூட்ஷினனில ரயில் ரெண்டாப் பிரிஞ்சு மற்றப் பாதி லவுட்டர்புருன்னன் போயிடும். 6 வயசுக்காரருக்கும் இனி டிக்கெட் வேணும். 30 பிராங்க் யூனியர் கார்ட் எடுத்தால் ஒரு வருசத்துக்கு அப்பா அம்மாவோட இலவசம்.

வகுப்பை முதலே பதியுங்கோ. குழு வகுப்புகள் கனக்க திங்கள் தொடங்கி வெள்ளி முடியிறதுகள். வார இறுதிக்கு மட்டும் எண்டால் தனி ஆசிரியர்தான் கிடைக்கலாம், விலையும் கூட.

பிண்டுங்காரன்
சாமான் அங்கயே எடுங்கோ. சப்பாத்து கடிச்சால் உடன மாத்தலாம். வெள்ளி பின்னேரமே போய்க் கேளுங்கோ, பல கடைகள் அந்த நேரத்துக்குக் காசு எடுக்கிறதில்லை.

சப்பாத்து போட்டு நிமிர்ந்து நிக்கேக்க பெருவிரல் முன்பக்கம் மெல்லத் தட்டோணும், முழங்காலை மடிச்சால் விலகோணும். "வளர்ற பிள்ளை" எண்டு ஒரு சைஸ் கூட எடுத்தால் குதி மேல எழும்பும், ஸ்கீ சொல்லுக் கேளாது. மெல்லிய நீளச் சொக்ஸ் ஒண்டே ஒண்டு. உள்ளாடைக் காலைச் சப்பாத்துக்குள்ள திணிச்சால் மடிப்பு முன்னங்காலை அறுக்கும். ஸ்கீ நிலத்தில நிண்டு நாடி வரைக்கும் இருந்தால் போதும். பிள்ளைகளுக்கு முதல் நாள் தடியும் தேவையில்லை.

சப்பாத்தை ஸ்கீயோட பூட்டுற பிண்டுங் எந்த அழுத்தத்தில கழரும் எண்டதை நிறை, உயரம், வயசு, அடிப்பாக நீளம் பார்த்துத்தான் வைப்பினம். நிறையைக் கூட்டிச் சொன்னால் விழேக்க கழராமல் முழங்காலைத் திருப்பும், குறைச்சால் சும்மா கழரும். அடுத்த நாள் சப்பாத்து மாத்தினால் ஸ்கீயையும் கொண்டு போங்கோ; அடிநீளம் மாறினால் பிண்டுங் திரும்பப் பூட்டோணும்.

சூரிச்வாசி
நன்றி அண்ணை. காத்து, மழை எண்டால்? விபத்துக் காப்புறுதி தனியா வேணுமா?

மலைக்குருவி
ஊர் 1034 மீட்டர்தான், ஜனவரியிலயும் மழை பெய்யலாம். ஃபூன் எண்ட பலத்த மலைக்காத்தடிச்சால் கேபிளை நிப்பாட்டுவினம், ஆகவே காலமை லிப்ட் நிலவரத்தைப் பார்த்திட்டு வெளிக்கிடுங்கோ. பதிலுக்குச் சறுக்கு வண்டி எண்டால் புஸ்ஸால்புக்கு பஸ்ஸில போங்கோ. விளம்பரத்தில வாற 15 கிலோமீட்டர் பாதைக்கு ஃபர்ஸ்டில இருந்து ஃபவுல்ஹோர்ன் மலைக்கு ரெண்டரை மணித்தியாலம் வண்டியை இழுத்துக்கொண்டு நடக்கோணும். 6 வயசுக்கு அது சரிவராது.

ஒரு முதலாளியிட்ட கிழமைக்கு 8 மணித்தியாலமாவது வேலை செய்யிறவருக்கு வேலையிடக் காப்புறுதி ஸ்கீக்கும் செல்லும். பிள்ளைகளுக்கும் வேலைக்குப் போகாதவருக்கும் கிராங்கன்காசாவில (மருத்துவக் காப்புறுதியில) விபத்து சேர்ந்திருக்கோ எண்டு பாருங்கோ. அதிலயும் மீட்புச் செலவில பாதிதான், வருசத்துக்கு 5000 பிராங்க் வரை. ஹெலிகொப்டர் மீட்புக்கு ரேகா அமைப்பின்ர இலக்கம் 1414.

பிண்டுங்காரன்
தண்ணி உறிஞ்சாத கையுறை ஆளுக்கு ரெண்டு சோடி. கம்பளிக் கையுறை மத்தியானமே ஊறிடும், பிறகு பிள்ளை ஸ்கீ வேண்டாம் எண்டுதான் அழும்.