சித்தப்பாவின் ஏஇ86-ஐ விற்ற கதை

சுங்கை சிப்புட்டிலிருந்து:

என் சித்தப்பாவின் டொயோட்டா ஏஇ86 கார் போன வருடம் கைமாறியது. 1983 முதல் 1987 வரை வந்த மாடல், பின்சக்கரம் இழுக்கும் வண்டி. 1,587 சிசி என்பதால் சாலை வரி வருடத்துக்கு 90 வெள்ளிதான் (ரிங்கிட்). சித்தப்பா தோட்டத்துப் பட்டறையில் டிராக்டர் பார்த்தவர். அவர் கைபட்ட வண்டியை யாரோ ஒருவர் தலையில் கட்டிவிட மனசு வரவில்லை.

விளம்பரம் போட்டதுமே வாட்ஸ்அப் நிரம்பியது. பாதிப் பேருக்கு ஒரே கேள்வி: "அண்ணே, லாஸ்ட் எவ்வளவு?" வண்டியைப் பார்க்காமலே கடைசி விலை! ஜப்பான் கார்ட்டூனில் தவ்ஃபூ ஏற்றி மலை இறங்குமே, அந்தக் காரா என்று படம் பிடிக்க வந்தவர்களும் உண்டு. சரி, பிடிக்கட்டும். ஒருவர் செம்பனை லோரி ஓடும் சாலையில் "ஒரு ரவுண்டு" கேட்டார். சாவியைத் தரவில்லை.

ஈப்போவிலிருந்து வந்த சீனப் பெரியவர் மட்டும் பெயிண்டைப் பார்க்கவே இல்லை. சட்டைப் பையிலிருந்து துணி சுற்றிய சின்னக் காந்தத்தை எடுத்து, பின்சக்கர வளைவின் ஓரமாக மெல்ல நகர்த்தினார். ஓரிடத்தில் பிடி விட்டது. உள்ளே தகட்டுப் பள்ளத்தை நிரப்பப் பூசும் புட்டி. என்னைப் பார்த்துச் சிரித்தார், ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம் போனட்டைத் திறந்து எஞ்சினுக்குப் பின்னால் இருக்கும் தகட்டில் டார்ச் அடித்தார். ஏன் அங்கிள் என்றேன். ஹாஃப் கட்டில், அதாவது பாதியாக வெட்டி இறக்குமதி செய்யும் பழைய காரில், வரும் 20 வால்வு எஞ்சினைப் பலர் இதில் ஏற்றுவார்களாம். அதன் டிஸ்ட்ரிபியூட்டர் பின்தகட்டில் இடிக்கும் என்பதால் சிலர் தகட்டையே அடித்து உள்ளே தள்ளிவிடுவார்களாம். எங்களுடையது பழைய 16 வால்வுதான், தகடும் நேராக இருந்தது. பிறகு கிரானை (வண்டியின் உரிமைப் பத்திரம்) வாங்கி எஞ்சின் எண்ணையும் சேஸிஸ் எண்ணையும் ஒத்துப் பார்த்தார். விலைப் பேச்சே அதற்கப்புறம்தான். புட்டிக்காகக் கொஞ்சம் குறைத்துக் கொடுத்தேன்.

இத்தனை வயதான வண்டிக்கு வங்கிக் கடன் கிடைக்காது, ரொக்கம்தான். வாகனப் பரிசோதனை நிலையமான புஸ்பாகோமில் பெயர் மாற்றப் பரிசோதனை, சாலைப் போக்குவரத்து இலாகாவான ஜேபிஜேயில் கைரேகை. பணம் கணக்கில் ஏறிய பிறகே விரல் வைத்தேன்.

லிந்தாங்கிலிருந்து:

அண்ணே, அந்த எஞ்சின் எண் விஷயத்தில்தான் என் மச்சான் மாட்டிக்கொண்டார். அவர் வாங்கிய வண்டியில் எஞ்சின் மாற்றியிருக்கிறது, கிரானில் பழைய எண்ணே நிற்கிறது. பரிசோதனையில் தள்ளிவிட்டார்கள். முன்பணம் வாங்கியவர் இப்போது போனை எடுப்பதில்லை. கிரானில் எண்ணை மாற்ற, எஞ்சின் வாங்கிய ரசீதைத் தேடி மச்சான் அலைகிறார்.

சுங்கை சிப்புட்டிலிருந்து:

தம்பி, எந்த ஹாஃப் கட் கடையில் இறக்கிய எஞ்சின் என்று விசாரிக்கச் சொல்லுங்கள். கடை இன்னும் இருந்தால் ரசீதின் நகல் கிடைக்கலாம். எஞ்சின் எண்ணைப் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள், ஈப்போ அங்கிளிடம் காட்டுகிறேன். அவருக்குத் தெரியாத கடை இந்தப் பக்கம் கிடையாது.