கேட்டரிங் வெப்சைட்: லேப்டாப்பில் சரியாக வருகிறது, போனில் சிதறுகிறது

மாம்பலத்தான்:
மேற்கு மாம்பலத்தில் கல்யாண கேட்டரிங். கோடிங் தெரியாது, வேர்ட்பிரஸ் பிளாக் எடிட்டரில் நாலு பக்கம் போட்டிருக்கிறேன். போனில் பார்த்தால் தலைப்பு திரைக்கு வெளியே போகிறது, விலை அட்டவணையில் வார்த்தைகள் பாதியில் உடைகின்றன. "கல்யாணச் சமையல் மெனு விலைப்பட்டியல்" பக்கத்தின் லிங்க்கை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் ஒரே சதவீதக் குறியாக வருகிறது. பிரவுசரில் பார்த்தால் "வில" என்பதோடு நின்றுவிடுகிறது. எலிமென்டருக்கு (பக்கம் வடிவமைக்கும் பிளகின், அதாவது வேர்ட்பிரஸில் சேர்க்கும் துணை மென்பொருள்) மாறினால் சரியாகுமா?

வேளச்சேரி ஜெ:
மாற வேண்டாம் சார். நாலு பக்கத்துக்கு பிளாக் எடிட்டரே தாராளம். நீங்கள் சொன்ன மூன்றும் அங்கே போனாலும் கூடவே வரும். எலிமென்டரில் கட்டிவிட்டுப் பிறகு அந்த பிளகினை நிறுத்தினால் எழுத்து மிஞ்சும், அமைப்பு போய்விடும்.

முதலில் லிங்க். தமிழில் உயிர்மெய் ஒன்று பார்க்க ஒரே எழுத்து. கணினிக்கு க, ல போன்ற அகர எழுத்து தனி, கொம்பு தனி, புள்ளி தனி. அவை ஒவ்வொன்றும் முகவரியில் 9 குறிகளாக மாறும். முகவரியில் பக்கத்தின் பெயர் வரும் பகுதிக்கு வேர்ட்பிரஸ் ஒதுக்கியிருப்பது 200 குறிதான். அதாவது அப்படிப்பட்ட துண்டுகள் 22ஐத் தாண்டினால் வெட்டு. உங்கள் தலைப்பு எண்ணிப் பார்த்தால் "வில"வில்தான் முட்டுகிறது. வலப்பக்கப் பட்டையில் 'பேஜ்' தாவலில் 'ஸ்லக்' இருக்கும், முகவரியின் அந்தப் பகுதிதான் அது; அங்கே ஆங்கில எழுத்தில் "கல்யாண மெனு" என்று நடுவே ஹைபன் போட்டு எழுதுங்கள். பக்கத்தின் தலைப்பு தமிழிலேயே இருக்கட்டும். ஒரு எச்சரிக்கை: வலைப்பதிவுகளுக்கு (போஸ்ட்) என்றால் வேர்ட்பிரஸ் பழைய முகவரியிலிருந்து தானாகத் திருப்பிவிடும், உங்களுடையது போன்ற பக்கங்களுக்கு (பேஜ்) அப்படிக் கிடையாது. ஏற்கெனவே பலருக்கு அனுப்பியிருந்தால் பழைய லிங்க்கைப் புதியதற்குத் திருப்பிவிடும் ரீடைரக்ஷன் பிளகின் ஒன்று தேவை.

அட்டவணையில் 'ஃபிக்ஸ்டு விட்த் டேபிள் செல்ஸ்' (எல்லாப் பத்தியையும், அதாவது காலத்தையும், ஒரே அகலமாக்கும் அமைப்பு) இயங்கிக்கொண்டிருக்கும். 360 பிக்சல் போனில் நாலு பத்தி என்றால் ஒன்றுக்கு 80 பிக்சல்கூடத் தேறாது. "முருங்கைக்காய்" எப்படி அடங்கும்? அதை அணைத்தால் வார்த்தை உடையாது, அட்டவணை பக்கவாட்டில் நகரும். அதைவிட நல்லது, காலை டிபன், மதியச் சாப்பாடு என்று தனித்தனி அட்டவணையாகப் பிரித்து இரண்டே பத்தி வைப்பது: ஐட்டம், இலைக்கு விலை. பக்கத்தில் பக்கத்தில் வைக்கும் 'காலம்ஸ்' பிளாக் எங்காவது இருந்தால், போனில் அவற்றை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கும் 'ஸ்டாக் ஆன் மொபைல்' இயங்குகிறதா என்றும் பாருங்கள்.

எழுத்துரு ஆர்வலர்:
தலைப்பு அளவு 60 பிக்சல் மாதிரி வைத்திருப்பீர்கள். அந்த அளவில் "விலைப்பட்டியல்" என்ற ஒரு சொல்லே போனைத் தாண்டும். 28 முதல் 32 போதும். லைன் ஹைட் (வரி உயரம்) 1.7, குறைத்தால் மேல்வரியில் 'கு', 'ரு' போன்றவற்றின் கீழ்ப்பகுதியும் கீழ்வரியில் 'கி', 'கீ' போன்றவற்றின் விசிறியும் முட்டும். லெட்டர் ஸ்பேசிங்கை (எழுத்துகளுக்கு இடையிலான இடைவெளி) தொடவே தொடாதீர்கள்.

வேர்ட்பிரஸ் 6.5க்குப் பிறகு எழுத்துருக்களை ஏற்றிக்கொள்ள ஃபான்ட் லைப்ரரி உண்டு. முக்த மலர் அல்லது நோட்டோ சான்ஸ் தமிழ் எடுத்து 400 (சாதாரணம்), 700 (தடித்தது) இரண்டு எடையை மட்டும் டிக் செய்யுங்கள். 400ஐ மட்டும் ஏற்றினால் தடித்த எழுத்தை பிரவுசரே பூசித் தயாரிக்கும்; ண, ணை சுழிகள் அடைத்துப்போகும். எல்லா எடையையும் ஏற்றினால் பக்கம் திறக்க நேரமாகும். சாய்வெழுத்து தமிழுக்கு வேண்டாம்.

மாம்பலத்தான்:
லிங்க், அட்டவணை இரண்டும் சரியாகிவிட்டன, நன்றி. இன்னொன்று: மெனு கார்டு அடித்த அச்சகத்தின் ஃபைலிலிருந்து ஒட்டினால் எல்லாம் ஆங்கில எழுத்தாகக் கொட்டுகிறது.

எழுத்துரு ஆர்வலர்:
அது பாமினி மாதிரி பழைய எழுத்துரு, ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் வடிவம் வைத்தது; எல்லாக் கணினிக்கும் பொதுவான யூனிகோட் இல்லை. அந்த எழுத்துருவை சைட்டில் ஏற்றி ஒப்பேற்றாதீர்கள். கூகுளுக்கு அது வெறும் ஆங்கிலக் குப்பை. எழுத்துரு மாற்றி (கன்வெர்ட்டர்) ஒன்றில் போட்டு யூனிகோடாக்குங்கள். மாற்றியபின் ஔகாரத்தைத் தேடிப் பாருங்கள். பழைய எழுத்துருக்களில் அதற்கு ஒற்றைக்கொம்போடு ள போட்டு அடிப்பார்கள். அப்படியே வந்தால் "சௌசௌ கூட்டு" உண்மையில் "செளசெள கூட்டு" ஆகிவிடும். கண்ணுக்குத் தெரியாது, தேடினால் கிடைக்காது. கையால் ஒவ்வொன்றாகத் திருத்துங்கள்; மொத்தமாக 'ரீப்ளேஸ்' கொடுத்தால், அதே கொம்பும் ள-வும் சேர்ந்து வரும் வெள்ளரிப் பச்சடியும் கெட்டுப்போகும்.