செபு மாட்டுக்குத் தமிழில் என்ன பெயர்?

பட்டிக்காரன்:
ஒரு கலைக்களஞ்சியக் கட்டுரையை மொழிபெயர்க்கிறேன். தலைப்பே ‘செபு’. திமிலுள்ள மாட்டினம், அறிவியல் பெயர் போஸ் இண்டிகஸ். செபு பிரெஞ்சு வழியாகப் பரவிய சொல். இதற்கு ‘நாட்டு மாடு’ என்று போட்டால் போதுமா?

கொங்குத்தம்பி:
தாராளமாகப் போதும் அண்ணா. எங்கள் தாத்தா காலத்தில் அதுகூடக் கிடையாது, வெறும் மாடுதான். கண்ணில் படுவதெல்லாம் திமிலோடு இருந்தால் தனியாக எதற்குப் பெயர்? ஜெர்சி வந்த பிறகுதான் அது சீமை மாடு, இது நாட்டு மாடு என்று ஆனது.

மொழிக்கிறுக்கன்:
தம்பி, அந்தக் கட்டுரையில் பிரேசில் வராமல் இருக்காது. அங்கே கோடிக்கணக்கில் மேயும் வெள்ளை மாட்டுக்கு ‘நெலோரி’ என்று பெயர். வேறொன்றுமில்லை, நம் பக்கத்து ஒங்கோல் மாடு. ஒங்கோல் அப்போது நெல்லூர் மாவட்டத்தில் இருந்ததால் மாட்டோடு அந்தப் பெயரும் கப்பலேறிவிட்டது. அதை ‘நாட்டு மாடு’ என்று எழுதினால் எந்த நாட்டு மாடு?

ஜெர்மன்காரர்கள் ‘புக்கல்ரிண்ட்’ என்கிறார்கள், ஜப்பானில் ‘கோபு உஷி’. இரண்டுமே திமில் மாடுதான். சீனத்தில் ‘லியூநியூ’, உடம்பில் வரும் கட்டிக்கும் அதே எழுத்து, பாவம் மாடு! நாமும் ‘திமில் மாடு’ என்றே வைக்கலாம்.

கொங்குத்தம்பி:
சந்தையில் போய்த் ‘திமில் மாடு என்ன விலை’ என்று கேட்டுப் பாருங்கள், தரகர் உங்களை ஏற இறங்கப் பார்ப்பார். எங்கள் காங்கேயம் காளைக்குத் திமில் குன்று மாதிரி நிற்கும். அதன் தாய்க்கோ, கொஞ்சம் தள்ளி நின்றால் கண்ணுக்கே தெரியாது. அதுவும் திமில் மாடா?

மொழிக்கிறுக்கன்:
ஆமாம். பெயர் இனத்துக்கு. ஒவ்வொரு மாட்டுக்கும் அளவு நாடா பிடித்தா பெயர் வைக்கிறோம்?

ஓலைச்சுவடி:
நடுவில் புகுவதற்கு மன்னிக்கவும். சங்கப் பாடல்களில் திமில் என்றால் பரதவர் கடலுக்குப் போகும் படகு. காளையின் முதுகில் இருப்பது ‘இமில்’. ஆகவே ‘இமிலேறு’ என்று எழுதுவதே முறை.

கொங்குத்தம்பி:
ஐயா, ஏறு என்றால் ஆண் மட்டும்தானே? பசுவை எங்கே கட்டுவது?

பட்டிக்காரன்:
சரி, தலைப்புக்குத் ‘திமில் மாடு’. முதல் வரியில் ஒருமுறை செபு. காங்கேயம், உம்பளாச்சேரி வருகிற பத்தியில் மட்டும் நாட்டு மாடு. தம்பி, உங்கள் பசுவைத் திமில் தெரிகிற மாதிரி ஒரு படம் எடுத்து அனுப்புங்கள்.

கொங்குத்தம்பி:
அதுதான் தெரியாது என்று இவ்வளவு நேரம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.