பட்டுப்புழு சுருங்கிக் கிடந்தது, நோய் இல்லை: உங்களுக்கும் நடந்ததா?

உடுமலைப் பக்கம் இரண்டு ஏக்கர் வி1 ரக மல்பெரி வைத்திருக்கிறேன். போன ஆடியில் 150 முட்டைத் தொகுதிப் புழு. நாலாம் தோலுரிப்பு வரை ஒரு குறையும் இல்லை. கூடு கட்டுவதற்கு முந்தைய ஐந்தாம் பருவம், மூன்றாம் நாள் மதியம் ஷெட்டுக்குப் போனால், காலையில் போட்ட குச்சி இலையோடு அப்படியே கிடக்கிறது. புழுக்கள் பாதி நீளத்துக்குச் சுருங்கி, தொட்டால் ரப்பர் மாதிரி. சிலதுக்கு வாயில் பச்சைத் தண்ணீர்.

பால் நோயோ என்று பயந்தேன். ஆனால் அதில் உடம்பு வீங்கும், தோல் கிழிந்து வெள்ளையாகக் கசியும். இது அப்படி இல்லை. அப்புறம்தான் கவனித்தேன், ஓர் அடுக்கு மட்டும் ஜோராகத் தின்றுகொண்டிருந்தது. அதற்குக் கிணற்றடிப் பாத்தி இலை. மற்றதெல்லாம் மேற்கு வரப்போரம் வெட்டியது. வரப்புக்கு அந்தப் பக்கம் மக்காச்சோளம். இரண்டு நாள் முன்னால் படைப்புழுவுக்குக் குளோரான்ட்ரானிலிப்ரோல் அடித்திருக்கிறார்கள். ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று எப்படி அடிக்கும் என்று இந்தப் பக்கத்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

பக்கத்துக்காரரோடு சண்டை போடவில்லை. 2018இல் படைப்புழு வந்ததிலிருந்து மருந்தில்லாமல் அவருக்கும் கதிர் தேறாது. இப்போது அடிக்கிற முந்தின நாளே போன் செய்துவிடுகிறார். வரப்போர இலையை முதலில் ஐம்பது புழுவுக்கு மட்டும் தனித்தட்டில் போட்டு, மறுநாள் வரை பார்த்துவிட்டுத்தான் மற்றதுக்குப் போடுகிறேன். கழுவிப் போடலாமே என்கிறார்கள் சிலர். இலைக்குள் இறங்கிய மருந்து கழுவினால் போகுமா?

*

அண்ணா, உங்களுக்காவது சுருங்கிக் காட்டியது. எங்களுக்கு (அரூர் பக்கம்) ஒரு புழுகூடச் சாகவில்லை. ஏழெட்டு நாளில் பழுத்துக் கூடு கட்ட ஏற வேண்டிய புழு, பத்து நாள் தாண்டியும் தின்கிறது, தின்கிறது, தின்றுகொண்டே இருக்கிறது! உடம்பு பெருத்ததே தவிர அந்தக் கண்ணாடி மினுமினுப்பு வரவே இல்லை. கூடு கட்ட வைக்கும் சந்திரிகைத் தட்டியில் எடுத்து விட்டாலும் ஊர்ந்து கீழே வந்துவிடும். முட்டை சரியில்லை என்று நானும் நாலு பேரிடம் சொல்லித் திரிந்தேன். கடைசியில் பார்த்தால், பக்கத்துப் பருத்தியில் வெள்ளை ஈக்குப் பைரிப்ராக்சிஃபென் அடித்திருக்கிறார்கள். அது பூச்சியின் இளமை ஹார்மோனைப் போலவே வேலை செய்யும் மருந்து. உடம்பில் ஏறினால் புழுவுக்குத் தான் வளர்ந்துவிட்டதே தெரியாது. இலைச் செலவு, ஆள் கூலி எல்லாம் முழுசாகப் போட்ட பிறகு கூடு இல்லை என்பதுதான் வயிற்றெரிச்சல்.

*

எங்கள் வீட்டுக் கதை இன்னும் கேவலம். வெளியில் யாரும் எதுவும் அடிக்கவில்லை. ராத்திரி ஷெட்டில் படுத்த பையன் கொசு தாங்காமல் மூலையில் கொசுவத்தி ஏற்றியிருக்கிறான். விடியும்போது அந்த மூலை அடுக்கு முழுக்கத் தலையைத் தூக்கி ஆடிக்கொண்டிருந்தது. இப்போது வலை கட்டிக் கொடுத்திருக்கிறோம், பையனுக்கு.